இன்ஜினியரிங் புத்தகத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு டாக்டர்

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் ட்ரிபிள் ஈ இரண்டாம் வருஷம். மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். நோட்டை எட்டிப் பார்த்தேன். "மாமா, இது தெவனின் தேற்றம். டாக்டருங்களுக்கெல்லாம் புரியாது"ன்னான்.

"டேய், இதை முதல்ல கண்டுபிடிச்சதே ஒரு டாக்டர்தான்டா"ன்னேன். நம்பலை.

அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். நடுவில் சின்னக் கணக்கு ஒன்று வரும், பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான். கடைசியில் நெஞ்சு வலி, ஈசிஜி பற்றி ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அதனால் பாதியில் போய்விடாதீர்கள் 🙂

முதலில் தேற்றம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வீட்டு டிவி ரிமோட்டில் இருந்து பழைய செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். பல நேரம் 1.4 வோல்ட் காட்டும். புது செல்லுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதையே டார்ச்சில் போட்டால் எரியாது. ஏன்? செல்லுக்குள் உள்ள மின்தடை ஏறிவிட்டது. மீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தைத்தான் இழுக்கும், அதனால் ஏமாந்துவிடும். டார்ச் பல்பு நிறைய இழுக்கும். அப்போது வோல்டேஜ் உள்ளேயே விழுந்துவிடும்.

ஆக ஒரு செல்லைப் பற்றி வெளியில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று, சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட். இரண்டு, உள்ளே எத்தனை ஓம் மின்தடை.

தெவனின் தேற்றம் இதை ஒரு படி மேலே கொண்டு போகிறது. ஒரு செல் இல்லை, நூறு பேட்டரியும் ஆயிரம் மின்தடையும் எப்படி வேண்டுமானாலும் பின்னிக் கிடக்கட்டும். அதிலிருந்து இரண்டே இரண்டு கம்பி வெளியே வந்தால், அந்தக் கம்பிகளைப் பொறுத்தவரை அந்தச் சிக்கல் முழுவதும் ஒரே ஒரு பேட்டரிக்கும், அதோடு தொடராக நிற்கும் ஒரே ஒரு மின்தடைக்கும் சமம். அவ்வளவுதான். எந்த பல்பைக் கொண்டுபோய் மாட்டினாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

இப்போது கதைக்கு வருவோம்.

1821ல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிறக்கிறார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பையனுக்கு இயற்பியல் மேல் உயிர். ஆனால் வாத்தியார் சம்பளத்தில் இயற்பியல் படிக்க வைக்க முடியாது. பெர்லினில் ராணுவம் நடத்திய மருத்துவப் பயிற்சி நிறுவனம் ஒன்று இருந்தது. படிப்பு இலவசம், அதற்குப் பதிலாக 8 வருஷம் ராணுவ டாக்டராக வேலை பார்க்கணும். வேற வழியில்லாமல் டாக்டருக்குப் படித்தார். (பிசிக்ஸ் பிடித்தும் வீட்டுக்காக எம்பிபிஎஸ் சேர்ந்தவர்கள் யாராவது இந்த த்ரெட்டைப் படித்துக்கொண்டிருந்தால், கை தூக்கவும்.)

படிக்கும்போது காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். மாணவர் என்பதால் சிகிச்சை இலவசம். அந்த நாட்களில் செலவில்லாமல் மிச்சமான உதவிப்பணத்தில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார். அதை வைத்துத்தான் நரம்புகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வைச் செய்து, 1842ல் பட்டம் வாங்கினார்.

1847ல், போட்ஸ்டாமில் ராணுவ டாக்டராக இருந்துகொண்டே, ஆற்றல் அழிவின்மை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது ஜெர்மனியின் முக்கியமான இயற்பியல் இதழ் 'அன்னாலன்'. அதன் ஆசிரியர் பொகன்டார்ஃப் அதைப் போட மறுத்துவிட்டார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தனிப் புத்தகமாக வெளியிட்டார். இன்று ஆற்றல் அழியாது என்று ஸ்கூல் பையன் ஒரு மார்க் கேள்விக்கு எழுதுகிறான் அல்லவா, அதற்கு அடித்தளம் போட்ட எழுத்துகளில் அது ஒன்று. இதழாசிரியர்களும் மனுஷங்கதான்.

திறமையைப் பார்த்து ராணுவம் முன்கூட்டியே விடுவித்தது. 1849ல் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியர் ஆனார். இன்றைக்கு ரஷ்யாவின் கலினின்கிராட் இருக்கும் ஊர்தான் அது. அடுத்த ஆண்டே தவளை நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார். அது அளக்கவே முடியாத வேகம் என்று அவருடைய குருநாதர் யோஹன்னஸ் முல்லர் நினைத்திருந்தார். இவருக்குக் கிடைத்த விடை நொடிக்குச் சுமார் 27 மீட்டர். நம்ம ஹைவேயில் வேகமாகப் போகும் கார் அளவுதான்! 1851ல் கண்ணின் விழித்திரையைப் பார்க்கும் ஆஃப்தால்மோஸ்கோப். இன்றைக்கும் சர்க்கரை நோயாளிக்குக் கண்ணுக்குள் பார்க்கிற ஒவ்வொரு முறையும் நாங்கள் இந்த மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இப்படிப்பட்டவருக்கு சர்க்யூட்டில் என்ன வேலை?

அவருக்கு ஒரு நண்பர், எமில் டுபுவா ரேமோன். அவரும் முல்லரின் மாணவர். தசையிலும் நரம்பிலும் மின்சாரம் இருக்கிறது என்று நிரூபிப்பதே அவர் வாழ்க்கை. தவளைத் தசையை வெட்டி எடுத்து, மேற்பரப்பில் ஒரு கம்பி, வெட்டின முனையில் ஒரு கம்பி வைப்பார். நடுவில் பல ஆயிரம் சுற்றுக் கம்பி போட்ட கால்வனோமீட்டர். ஊசி நகரும். கம்பியை இடம் மாற்றி வைத்தால் ஊசி வேறு அளவு நகரும். சில இடங்களில் திசையே மாறிவிடும்.

இதில் ஒரு பெரிய தலைவலி இருந்தது. தசை என்பது மெல்லிய கம்பி இல்லை. ஈரமான, தடித்த, கண்டபடி வளைந்த ஒரு சதைத் துண்டு. மின்சாரம் உள்ளே எந்த வழியில் வேண்டுமானாலும் ஓடும். மின்சாரத்தை உண்டாக்கும் இடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்றும் தெரியாது. போதாக்குறைக்கு, அளக்கும் மீட்டரே கொஞ்சம் மின்சாரத்தைக் குடிக்கிறது. அப்படியானால் ஊசி காட்டுவது தசையைப் பற்றிய உண்மையா, மீட்டரைப் பற்றிய உண்மையா?

இந்தக் கேள்வி அன்று ஒரு இன்ஜினியருக்கு வந்திருக்காது. அவன் சர்க்யூட்டை அவனே கட்டினவன், உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. எங்கள் தொழிலே மூடின டப்பாவை வெளியிலிருந்து தட்டிப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்கிறதுதான்.

ஓம் விதி 1827லேயே வந்தாயிற்று. பின்னிக் கிடக்கும் சர்க்யூட்டுகளுக்கான விதிகளை 1845ல் கிர்க்காஃப் கொடுத்திருந்தார். அப்போது அவருக்கு 21 வயது, அதே கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர். ஆனால் அந்த விதிகளைப் போட்டுக் கணக்கு செய்ய உள்ளே உள்ள ஒவ்வொரு கிளையும் தெரிந்திருக்கணும். தவளைத் தசைக்கு அது எப்படி முடியும்?

1853ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால், பருமனான கடத்திகளில் மின்னோட்டம் பரவுவதற்கான சில விதிகளும், விலங்கு மின்சாரச் சோதனைகளில் அவற்றின் பயனும். வெளிவந்த இதழ்? ஆறு வருஷம் முன்பு அவரைத் திருப்பி அனுப்பிய அதே பொகன்டார்ஃபின் அன்னாலன்!

அதில்தான் இந்தத் தேற்றம் முதன்முதலில் வருகிறது. நிரூபணம் அவ்வளவு அழகு, சொல்லாமல் விட மனசு வரலை. என் வார்த்தையில் சொல்கிறேன்.

மூடின டப்பாவில் இருந்து இரண்டு முனை வெளியே வருகிறது. எதுவும் மாட்டாமல் அளந்தால் 8 வோல்ட் என்று வைப்போம். இப்போது வெளியே ஒரு பல்பு மாட்டுகிறோம், கூடவே 8 வோல்ட் பேட்டரி ஒன்றை எதிர்த் திசையில் சேர்க்கிறோம். இரண்டு பக்கமும் சமமான தள்ளு, மின்னோட்டம் பூஜ்யம். இது நிலைமை ஒன்று.

நிலைமை இரண்டு: டப்பாக்குள் உள்ள எல்லா பேட்டரிகளையும் எடுத்துவிட்டு அந்த இடங்களில் வெறும் கம்பி போடுகிறோம். உள்ளே மிஞ்சுவது மின்தடைகள் மட்டும். வெளியே உள்ள 8 வோல்ட் பேட்டரியைத் திருப்பி மாட்டுகிறோம். இப்போது ஓடும் மின்னோட்டம், 8ஐ உள்தடையும் பல்பின் தடையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது.

இரண்டு நிலைமைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். வெளிப் பேட்டரிகள் இரண்டும் எதிரெதிர், அடித்துப் போய்விடும். மிஞ்சுவது நாம் ஆரம்பித்த அதே டப்பா, அதே பல்பு. மின்னோட்டம் பூஜ்யமும் அந்த இரண்டாவது விடையும் கூட்டினால் வருவது, அதாவது அந்த இரண்டாவது விடையேதான். முடிந்தது. டப்பாவைத் திறக்கவே இல்லை, பார்த்தீர்களா?

டுபுவா ரேமோனின் பிரச்சினைக்கும் இதுவே மருந்து. தசையில் எந்த இரண்டு இடத்தில் கம்பி வைத்தாலும் அந்த ஜோடிக்கு ஒரு வோல்டேஜ், ஒரு தடை. மீட்டரின் தடை எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அப்போது மீட்டர் குடித்தது எவ்வளவு, தசை கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

அப்புறம் ஏன் 'தெவனின்' தேற்றம்?

30 வருஷம் கழித்து, 1883ல், பிரான்சின் தந்தித் துறை இன்ஜினியர் லெயோன் ஷார்ல் தெவனின் இதைத் தானாகவே கண்டுபிடித்தார். தந்தித் துறை ஆட்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர். அவருடைய கேள்வி வேறு: ஏற்கெனவே பின்னிக் கிடக்கும் கம்பி வலையில் இரண்டு இடங்களுக்கு நடுவே புதுசாக ஒரு கம்பி இழுத்தால், அதில் எவ்வளவு மின்னோட்டம் ஓடும்? முழு வலைக்கும் மறுபடி கணக்குப் போடாமல் சொல்ல முடியுமா? விடை அதே விடை. ஹெல்ம்ஹோல்ட்ஸின் கட்டுரை அவருக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பும் குறைவு. தந்தி இன்ஜினியர் ஒருவர் தவளைத் தசைக் கட்டுரையை ஏன் தேடிப் படிக்கணும்?

இதில் திருட்டு எதுவும் இல்லை. தெவனின் எழுதினது மின்சாரக்காரர்கள் படிக்கும் இடத்தில், அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதிலாக. அதனால் அவர் பெயர் நின்றது. சில புத்தகங்கள் மட்டும் நியாயமாக 'ஹெல்ம்ஹோல்ட்ஸ்-தெவனின் தேற்றம்' என்று எழுதுகின்றன.

தெவனின் 1926ல் இறந்தார். அதே 1926ல் இந்தத் தேற்றத்தின் மறுபாதி, அதாவது வோல்டேஜுக்குப் பதில் மின்னோட்ட மூலமும் அதற்கு இணையாக ஒரு தடையும் என்ற வடிவம், இரண்டு இடங்களில் தனித்தனியே வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எட்வர்ட் நார்ட்டன் ஓர் உள்சுற்று அறிக்கையில் எழுதினார். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் ஹான்ஸ் ஃபெர்டினாண்ட் மேயர் கட்டுரையாக வெளியிட்டார். பையன்கள் படிப்பது நார்ட்டன் பெயரை மட்டும்.

மேயரைப் பற்றி ஒரு சைடு ட்ராக், மன்னிக்கவும். 1939 நவம்பரில் அவர் ஓஸ்லோவுக்கு வேலையாகப் போயிருந்தபோது, ஜெர்மனியின் ராடார், ராக்கெட் ஆராய்ச்சி ரகசியங்களைப் பெயர் போடாமல் தட்டச்சு செய்து பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அனுப்பிவிட்டார். போர் வரலாற்றில் 'ஓஸ்லோ அறிக்கை' என்று பெயர் பெற்றது இதுதான். 1943ல் நாஜிகள் அவரைப் பிடித்து வதைமுகாமில் போட்டார்கள். பிபிசி ரேடியோ கேட்டார், ஆட்சியை விமர்சித்தார் என்பதற்காக! உண்மையான விஷயம் அவர்களுக்குக் கடைசி வரை தெரியவே இல்லை. தனி சினிமாவே எடுக்கலாம்.

சரி, சொன்ன அந்தக் கணக்கு.

முதல் டப்பா. உள்ளே ஒரு 8 வோல்ட் பேட்டரி, தொடராக 4 ஓம் தடை.

இரண்டாவது டப்பா. உள்ளே 12 வோல்ட் பேட்டரி. அதன் பிளஸ் முனை 6 ஓம் தடை வழியாக வெளியே வருகிறது. மைனஸ் நேராக வெளியே. வெளி முனைகள் இரண்டுக்கும் குறுக்கே, டப்பாக்குள்ளேயே, ஒரு 12 ஓம் தடை.

சும்மா அளந்தால்? 12 வோல்ட் 6க்கும் 12க்கும் பங்கு பிரிந்து, வெளியே தெரிவது 8 வோல்ட். பேட்டரியை எடுத்துக் கம்பி போட்டால் 6ம் 12ம் இணையாக நிற்கும். 72 வகுத்தல் 18, அதாவது 4 ஓம்.

மூன்றாவது டப்பா. 16 வோல்ட் பேட்டரி, 6க்குப் பதில் 8 ஓம், 12க்குப் பதில் இன்னொரு 8 ஓம். வெளியே அதே 8 வோல்ட், அதே 4 ஓம்.

மூன்றையும் மூடி மேசை மேல் வைத்தால் எது எது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. 4 ஓம் பல்பு மாட்டினால் மூன்றிலும் 1 ஆம்பியர். 12 ஓம் மாட்டினால் மூன்றிலும் அரை ஆம்பியர். முனைகளை ஷார்ட் செய்தால் மூன்றிலும் 2 ஆம்பியர். எந்த மீட்டரைக் கொண்டுவந்தாலும் இதே கதைதான்.

ஆனால் எதுவுமே மாட்டாமல் சும்மா வைத்திருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? முதல் டப்பாவில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் 8 வாட் சூடு வீணாக எரிந்துகொண்டிருக்கிறது. மூன்றாவதில் 16 வாட்! வெளியே மூன்றும் ஒரே மாதிரி சாது. உள்ளே ஒன்று குளிர்ந்து கிடக்கிறது, ஒன்று தீய்கிறது.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853லேயே இதையும் பார்த்துவிட்டார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒரு கடத்தியின் மேற்பரப்பில் தெரியும் மின்னழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே மூலம் எங்கே எப்படி இருக்கிறது என்று ஒரே விடையாகச் சொல்ல முடியாது, வெளியே ஒரே மாதிரி தெரியும் உள் அமைப்புகள் எண்ணற்றவை என்று அதே கட்டுரையில் காட்டினார். மூளை மின்பதிவில் வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் கட்டுரை அது.

இப்போது நெஞ்சுக்கு வருவோம்.

ஈசிஜி என்பதே இந்த மூடின டப்பாதான். இதயம் உள்ளே. கை, கால், நெஞ்சில் ஒட்டும் லீடுகள் வெளியே. நெஞ்சுக்கூடு முழுவதும் ஈரமான கடத்தி. வெளியே கிடைப்பது ஒரு மில்லிவோல்ட் அளவு. அதாவது நம் ரிமோட் செல்லில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் (இவரும் டாக்டர், 1924ல் நோபல் பரிசு) ஈசிஜி எடுத்த போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆள் கோட்டு சூட்டு போட்டு, இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் ஜாடிகளில் விட்டு உட்கார்ந்திருப்பார். வேடிக்கையாகத் தெரியும். ஆனால் காய்ந்த தோலின் தடை மிக அதிகம், அன்றைய கால்வனோமீட்டரோ மின்னோட்டத்தைக் குடிக்கும். தடையைக் குறைக்காவிட்டால் அந்த ஒரு மில்லிவோல்ட்டும் தோலிலேயே செத்துவிடும். இன்று டெக்னீஷியன் ஜெல் தடவுவது அந்த உப்புத் தண்ணீருக்குப் பதில்தான். இன்றைய மெஷின் கிட்டத்தட்ட மின்னோட்டமே குடிக்காது. இருந்தாலும் ஜெல் காய்ந்து லீடு சரியாக ஒட்டாவிட்டால் கோடு ஆடும்.

ஜெல் போட்டு, புது மெஷின் வாங்கி, இதையெல்லாம் சரி செய்துவிடலாம். சரி செய்ய முடியாதது ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்ன இரண்டாவது விஷயம்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு ராத்திரி. ஐம்பது வயசு இருக்கும் ஒருத்தர், நெஞ்சு பிசையுது என்று வந்தார். வியர்வை. ஈசிஜி எடுத்தேன். எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியலை. "நார்மல்தான்மா, கேஸ் ட்ரபிளா இருக்கும்"னு அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு ஊசி எழுதப் பேனாவை எடுத்தேன். "அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா தம்பி?"ன்னு அந்தம்மா எழுந்துவிட்டார்.

அந்தப் பக்கமாக வந்த டியூட்டி சீனியர் பேப்பரைப் பார்க்கும் முன்னாடி ஆளைப் பார்த்தார். "வியர்வை நிக்கலையேப்பா. லீடைக் கழட்டாதே. முதுகுப் பக்கம் ஒட்டி இன்னொண்ணு எடு"ன்னார்.

எடுத்தேன். முதுகுப் பக்க லீடுகளில் கோடு மேலே ஏறி நின்றது. இதயத்தின் பின்சுவரில் அடைப்பு. பழைய பேப்பரைத் திரும்பப் பார்த்தால், முன்பக்க லீடுகளில் கோடு லேசாகக் கீழே இறங்கியிருக்கிறது. நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு அப்போது கை நடுங்கியது இப்பவும் ஞாபகம் இருக்கு. அவரை அன்றைக்கே மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிட்டோம்.

என் தவறு ஒரு பக்கம். ஆனால் அதைவிடத் திறமையான கண்ணும் சில நேரம் ஏமாறும். பாதிப்பு உள்ள இடத்தை நோக்கி எந்த லீடும் இல்லாமல் இருக்கலாம். எதிரெதிர்ச் சுவர்களில் பாதிப்பு இருந்தால் இரண்டின் மின்சாரமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளலாம். இரண்டாவது, மூன்றாவது டப்பா மாதிரி: வெளியே அமைதி, உள்ளே எரிகிறது.

அதனால்தான் நெஞ்சு வலிக்கு நாங்கள் ஒரு ஈசிஜியோடு விடுவதில்லை. வலி இருக்கும்வரை கொஞ்ச நேர இடைவெளியில் திரும்ப எடுப்போம், தேவைப்பட்டால் லீடுகளை இடம் மாற்றுவோம், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்வோம். ட்ரோபோனின் வேறு வகை சாட்சி. இதயத் தசை செல் சேதமானால் உள்ளே இருக்கும் பொருள் ரத்தத்துக்குக் கசிந்து வரும். டப்பாவின் இரண்டு கம்பியை நம்பாமல், டப்பா சூடாகிறதா என்று தொட்டுப் பார்ப்பது மாதிரி. அதுவும் ஏற நேரம் எடுக்கும் என்பதால் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்போம்.

"ஈசிஜி நார்மல்னு சொல்லிட்டு ஏன் சார் அட்மிட் பண்றீங்க, பில்லு ஏத்தவா?"ன்னு எங்களிடம் நிறைய பேர் கேட்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் வலி தொடர்ந்தால், வியர்த்தால், கை, தாடை, முதுகுக்குப் பரவினால், ஒரு நார்மல் பேப்பரைக் காட்டி ஆட்டோ பிடித்துப் போய்விடாதீர்கள். "இன்னொரு தடவை எடுங்க டாக்டர்"ன்னு நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அக்கா பையன் இவ்வளவையும் கேட்டுட்டு, "அப்ப நாளைக்கு டெஸ்ட்ல ஹெல்ம்ஹோல்ட்ஸ் தேற்றம்னு எழுதட்டுமா மாமா?"ன்னான்.

வேண்டாம்டா, மார்க் போயிடும், தெவனின்னே எழுதுன்னு சொல்லிட்டு வந்தேன். 20க்கு 17 வாங்கியிருக்கான்.